விலையும் பிடிப்பும்

திருப்பதி மாவட்டத்தில், புத்தூருக்கு அருகே உள்ளது நாராயணவனம். அங்குள்ள கல்யாண வேங்கடேசுவரர் கோயிலுக்குப் பலர் மகிழுந்துகளில் வருகின்றனர். அதே மாவட்டத்துச் சின்னபாண்டூரில் அப்போலோ டயர் ஆலை 2020 முதல் இயங்கி வருகிறது.

ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே ஆகும். பயணிகளின் உயிர் அந்த நான்கு உள்ளங்கைகளில் உள்ளது.

கடையில் விலை உயர்ந்த டயர்களும் உண்டு. மலிவான டயர்களும் உண்டு. எதை வாங்குவது? ஊருக்குள் மெதுவாக ஓடும் வண்டிக்கு, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற மலிவான டயரே போதும். மழையிலும் நெடுஞ்சாலையில் விரையும் வண்டிக்கோ நல்ல ரப்பர்க் கலவை தேவை. அது ஈரச் சாலையை இறுகப் பற்றும். தடையை அழுத்தியதும் வண்டி விரைவில் நிற்கும். அந்தப் பிடிப்புக்காகக் கூடுதல் விலை கொடுத்தல் வீண் அன்று.

ஆயினும், தேய்ந்துபோன டயரை அதன் விலை காப்பாற்றாது. டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதனை மாற்றுதல் வேண்டும். டயரின் பக்கவாட்டில் 3024 என்று இருந்தால், அது 2024ஆம் ஆண்டின் 30ஆம் வாரத்தில் உருவானது என்று பொருள்.

பயிற்சி: ஒரு மகிழுந்தின் டயரில் உள்ள நான்கு இலக்கங்களைப் படித்து, அது உருவான ஆண்டை எழுதுக.