மனித உருவம் வரைய நல்ல நூலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டையும் மரத்தையும் தயங்காது வரையும் மாணவன், மனித உருவத்தை வரையத் தொடங்கியதும் திகைத்து நிற்கிறான். கை நீண்டு விடுகிறது. தலை பெருத்து விடுகிறது. நிற்க வேண்டிய உருவம் சாய்ந்து விழுவதுபோல் தோன்றுகிறது. அப்போது அவன் பெற்றோரிடம் ஓவிய நூல் ஒன்று வேண்டுமென்று கேட்கிறான். உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து நூல் வாங்கும் பெற்றோர்க்கும், அதனைக் கொண்டு பயிலும் மாணவர்க்கும் பயன்படும் பொருட்டு இதனை எழுதுகின்றோம்.

அட்டையின் அழகைக் கண்டு நூலை வாங்குதல் ஆகாது. உருவ ஓவிய நூல்கள் இருவகைப்படும். ஒரு வகை நூல், முடிவு பெற்ற படங்களைக் காட்டி அவற்றைப் பார்த்து வரையச் சொல்லும். மற்றொரு வகை நூல், உடல் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை விளக்கி, எதிரே நிற்கும் மனிதரைப் பார்த்து வரையத் தூண்டும். முதல் வகை நூலிலிருந்து நூறு படங்களை வரைந்தாலும், நூலை மூடியதும் கை நின்று விடும். இரண்டாம் வகை நூலையே நாம் நாட வேண்டும். அதனைக் கண்டறிய மூன்று சோதனைகள் உள.

முதலாவது, அளவு. வளர்ந்த மனிதரின் உயரம், அவர் தலையின் உயரத்தைப் போல் ஏறக்குறைய ஏழரை மடங்கு. அழகு கருதி எட்டு மடங்காக வரைவாரும் உளர். ஒரு வயதுக் குழந்தைக்கோ அது நான்கு மடங்கு அளவே. ஆகவே, பெரியவர் உருவத்தைச் சிறிதாக்கி வரைந்தால் அது குழந்தை ஆகாது. நம் சிற்ப நூல்களும் முகத்தின் நீளத்தைத் 'தாலம்' எனக் கொண்டு உருவங்களுக்கு அளவு வகுத்துள்ளன. நல்ல நூல், பெரியவர் அளவோடு பிள்ளைகளின் அளவையும் தரும்.

இரண்டாவது, படிமுறை. முதற்படத்தில் ஒரு வட்டமும் அடுத்த படத்தில் முழு உருவமும் இருந்தால், இடையில் நிகழ்ந்ததை மாணவன் எங்ஙனம் அறிவான்? ஒவ்வொரு படியையும் அதன் காரணத்தையும் கூறும் நூலே பயன் தரும்.

மூன்றாவது, நிலை. ஒருவர் ஒற்றைக் காலில் எடையைத் தாங்கி நிற்கும்போது, அக்காலின் பக்கத்து இடுப்பு உயர்கிறது. அப்பக்கத்துத் தோள் தாழ்கிறது. கழுத்துக் குழியிலிருந்து நேர் கீழே கோடிட்டால், அது அந்தப் பாதத்தின் அருகில் விழும். இத்தகைய உண்மைகளைக் கூறாத நூலால், விறைத்து நிற்கும் பொம்மைகளையே வரைய இயலும்.

ஆங்கில நூல்களுள் புகழ் பெற்றவை சில. ஆண்ட்ரூ லூமிஸ் 1939-இல் வெளியிட்ட 'ஃபன் வித் எ பென்சில்' பந்து போன்ற வட்டத்திலிருந்து தலையை வரையக் கற்பிப்பதால், தொடக்க நிலையினர்க்கு ஏற்றது. அவருடைய 1943-ஆம் ஆண்டு நூலான 'ஃபிகர் டிராயிங்' முழு உருவத்தை விரிவாக விளக்குகிறது. ஜார்ஜ் பிரிட்ஜ்மன் 1920-இல் எழுதிய 'கன்ஸ்ட்ரக்டிவ் அனாட்டமி' உடலைப் பெரும் பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. புதியவர்க்குச் சற்றுக் கடினம். 1941-இல் வெளிவந்த நிக்கோலைடிசின் 'தி நேச்சுரல் வே டு டிரா' உற்று நோக்கும் பயிற்சிகளால் ஆனது. பின்னைய மூன்றும் இடைநிலைப்பள்ளி வயதினர்க்கே பொருந்தும். இவற்றில் ஆடையற்ற உருவங்களும் இடம்பெறுவதால், பெற்றோர் முன்னதாகப் பார்த்தல் நலம்.

வாங்குமுன் பொது நூலகத்தில் இரவல் பெற்று ஒரு வாரம் பயிலுங்கள். பின்னர் நூலை மூடி வைத்துவிட்டு, வாசற்படியில் அமர்ந்திருக்கும் பாட்டியை வரையுங்கள். முன்பு வரைந்ததினும் இது தேறியிருந்தால், அந்நூலுக்குப் பணம் செலவிடலாம். இல்லையேல் அதன் விலை எதுவாயினும் வேண்டா.

மாணவச் செல்வங்களே! குனிந்து மரம் சீவும் தந்தையும், அண்ணாந்து செம்பனைக் குலை அறுக்கும் அண்ணனும், துணி துவைக்கும் தாயும் எந்த அயல்நாட்டு நூலிலும் இடம்பெறவில்லை. அவர்தம் முதுகின் வளைவையும் தோளின் உறுதியையும் நாள்தோறும் காண்போர் நீங்களே. தோட்டங்கள் பல மறைந்து வரும் இக்காலத்தில், அவ்வுருவங்களைத் தாளில் நிலைபெறச் செய்ய வல்ல கைகளும் உங்கள் கைகளே. அவர்களைக் காணக் கற்பிக்கும் நூல் எதுவோ, அதுவே உங்களுக்குரிய நூல்.