விண்வெளித் தொழினுட்பமும் சனத்தொகைப் பெருக்கமும்

வினா: “செல்வத்தையும் விண்வெளித் தொழினுட்பத்தையும் கொண்டு, சனத்தொகைப் பெருக்கத்தால் இடர்ப்படும் உலகைக் காப்பாற்றலாம்.” ஆராய்க.

மாணவர்களே, இத்தகைய வினாவைக் கண்டதும் பலர் செவ்வாயில் மனிதரைக் குடியேற்றுவது பற்றி எழுதத் தொடங்கிவிடுவர். அதற்கு முன்னர் ஒரு சிறு கணக்கைச் செய்து பாருங்கள்.

1. குடியேற்றம் தீர்வாகுமா?
உலக சனத்தொகை 2011 இல் 700 கோடியாகவும் 2022 இல் 800 கோடியாகவும் இருந்தது. 11 ஆண்டுகளில் 100 கோடி எனின், நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை இலட்சம் பேர் அதிகரித்துள்ளனர். ஆனால் 1961 இல் யூரி ககாரின் சென்றது முதல் இன்றுவரை பூமியின் சுற்றுப்பாதையை அடைந்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. எனவே மனிதரை வெளியேற்றிப் பூமியின் சுமையைக் குறைக்க முடியாது.

2. வேறு வழி உண்டா?
உண்டு. மனிதரை மேலே அனுப்புவதற்குப் பதிலாக, மேலிருந்து அறிவைக் கீழே அனுப்பலாம். இதற்குச் சிறந்த உதாரணம் இந்தியாவின் செய்மதிக் கல்வித் தொலைக்காட்சித் திட்டமாகும். விக்ரம் சாராபாயின் முயற்சியால் 1969 இல் நாசாவுடன் இதற்கான உடன்படிக்கை செய்யப்பட்டது. 1975 ஓகஸ்ட் முதல் ஓராண்டுக்கு நாசா தனது ஏ.ரி.எஸ்.-6 செய்மதியை வழங்கியது. ஆறு மாநிலங்களின் சுமார் 2400 கிராமங்களில், கம்பிவலையால் அமைந்த அன்டெனாக்கள் மூலம் விவசாயம், சுகாதாரம், குடும்பத்திட்டம் பற்றிய நிகழ்ச்சிகளை மக்கள் கூடியிருந்து பார்த்தனர்.

தொடர்பாடற் செய்மதி பற்றி 1945 இலேயே எழுதிய ஆதர் சி. கிளார்க், கொழும்பிலுள்ள தமது வீட்டிலிருந்து இந்நிகழ்ச்சிகளைப் பார்த்தார். அப்போது இலங்கையில் தொலைக்காட்சிச் சேவை தொடங்கியிருக்கவில்லை.

3. குறைபாடு யாது?
செய்மதி இரவலாகப் பெறப்பட்டது. 1976 ஜூலையில் தவணை முடிந்ததும் ஒளிபரப்பும் நின்றது. 1983 இல் ஏவப்பட்ட இன்சற்-1பி மூலமே இந்தியா இத்தகைய சேவையைத் தனது சொந்தச் செய்மதியில் நிலையாக நடத்த முடிந்தது.

முடிவு: செல்வமும் தொழினுட்பமும் உலகுக்கு உதவும், ஆனால் அவை ஏழைக் கிராமத்தைச் சென்றடைய வேண்டும், அங்கே நிலைத்தும் நிற்க வேண்டும்.

கவனிக்க: “ஆராய்க” என்றால் புகழ்ந்து எழுதுவதன்று. நன்மை, குறைபாடு, உமது முடிவு ஆகிய மூன்றும் விடையில் இடம்பெற வேண்டும்.