பழைய மகிழுந்தில் புதிய வானொலி

பேராக்கின் ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்த தாத்தாவின் மோரிஸ் மைனர் மகிழுந்து, ஈப்போவில் வாழும் பேரனின் கைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு அறிமுகமான இம்மகிழுந்து, அன்றைய மலாயாவிலும் பலருக்குப் பழகிய வாகனமாகும். தாத்தா செய்தி கேட்ட வானொலி, மத்திய அலையை மட்டுமே பிடிக்கும். பேரன் விரும்பும் மின்னல் எஃப்.எம். பண்பலையில் ஒலிக்கிறது. என்ன செய்வது?

இதற்கெனவே பழைய தோற்றத்தில் புதிய வானொலிகள் விற்கப்படுகின்றன. வெளியே இரண்டு குமிழ்களும் பளபளக்கும் முகப்பும் இருக்கும். உள்ளே பண்பலையும் புளூடூத் வசதியும் இருக்கும்.

ஆனால், அவசரப்பட்டுப் பொருத்தக்கூடாது. பழைய மோரிஸ் மைனரில் மின்கலத்தின் நேர்முனை, மகிழுந்தின் இரும்பு உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வானொலிகள் பெரும்பாலானவற்றுக்கு எதிர்முனையே அவ்வாறு இணைய வேண்டும். இதைக் கவனிக்காமல் கம்பிகளை இணைத்தால் வானொலி கருகிவிடலாம். எனவே, இரு முறைக்கும் ஏற்ற வானொலியைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது விவரம் அறிந்த பணியாளரைக் கொண்டு மகிழுந்தின் மின் இணைப்பை மாற்றியமைக்கலாம்.

புதிய வானொலி பழைய இடத்தில் நுழையாவிட்டால், முகப்புப் பலகையை வெட்டத் தோன்றும். வெட்டுவது எளிது; வெட்டியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். அதே அளவில் வேறொரு வானொலியைத் தேடி வாங்குவதே நல்லது. கழற்றிய வானொலியையும் தூக்கி எறியாமல், துணியில் சுற்றிப் பாதுகாக்க வேண்டும்.

நாளை யாரேனும் விரும்பினால், தாத்தாவின் வானொலி மீண்டும் தன் இடத்தில் அமர முடிய வேண்டும். பழமையைச் சிதைக்காமல் புதுமையைச் சேர்ப்பது என்பது இதுதான்.