பழைய ஜென்னுக்கு ஒரு புது மிரர்

பழைய காருக்குப் புது மிரர் மாட்டப் போகிறேன் என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இரவில் பின்னாலிருந்து அடிக்கும் வெளிச்சம் தொல்லையா, ரிவர்ஸ் எடுப்பது தொல்லையா, இல்லை, யாராவது இடித்துவிட்டுப் போனால் காட்டுவதற்கு வீடியோ வேண்டுமா? மூன்றும் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கடைக்காரரும் மூன்றையும் செய்யும் ஒரே மிரர் என்று ஒரு நீளப் பெட்டியை எடுத்து நீட்டுவார். அதற்குப் பணத்தை எடுக்கும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

என்னுடையது 2003 மாடல் மாருதி ஜென். 15 வருடம் முடிந்த பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஐந்தைந்து வருடமாக நீட்டித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் பேரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவுப் பயணம்தான் பிரச்சினை. திருச்சியிலிருந்து சென்னைக்கு ராத்திரியில் கிளம்பினால் வழி நெடுக ஆம்னி பஸ்கள். ஜென் தாழ்வான வண்டி. பஸ்ஸின் ஹெட்லைட் பின் கண்ணாடி வழியே நேராகப் புகுந்து, மிரரில் பட்டு, கண்ணில் வந்து குத்தும். முன்பெல்லாம் கறுப்பு ஃபிலிம் ஒட்டிச் சமாளித்தார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகு அந்த வழியும் அடைபட்டது.

பழைய மிரரிலேயே இதற்கு ஒரு மருந்து உண்டு. அடியில் தொங்கும் குட்டி நெம்புகோல். அதைத் தொடாமலேயே பல வருடம் கார் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். அந்த மிரரின் கண்ணாடி ஒரே கனமுடையது அல்ல. ஒரு ஓரம் தடித்து, மறு ஓரம் மெலிந்து ஆப்பு வடிவில் இருக்கும். பகலில் நாம் பார்ப்பது பின்பக்கத்து வெள்ளிப் பூச்சில் பட்டுத் திரும்பும் ஒளியை. நெம்புகோலைத் தள்ளினால் அந்த ஒளி கூரைப் பக்கம் போய்விடும். கண்ணாடியின் முன்பரப்பில் பட்டுத் திரும்பும் சுமார் 4 சதவீத வெளிச்சம் மட்டும் கண்ணுக்கு வரும். பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம், கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. எப்போதாவது இரவில் ஓட்டுபவருக்கு இதுவே போதும். அவர் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு ஏன் போதவில்லை என்றால், அதில் இருப்பது இரண்டே நிலை. தள்ளிவிட்டால் பின்னால் வரும் விளக்குகள் மட்டும் தெரியும், விளக்கில்லாமல் வரும் சைக்கிளும் டிராக்டர் டிரெய்லரும் மறைந்துபோகும். பஸ் முந்திப் போனதும் திருப்பித் தள்ள வேண்டும், அடுத்த பஸ் வந்தால் மறுபடியும். தானாக மங்கும் மிரர் இந்த இடத்தில்தான் உதவுகிறது. அதன் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய ஜெல் இருக்கிறது. முன்னோக்கிய ஒரு சென்சார் வெளியே இருட்டா என்று பார்க்கிறது, பின்னோக்கிய இன்னொன்று வெளிச்சம் அடிக்கிறதா என்று பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் ஜெல்லுக்குச் சிறிய மின்னழுத்தம் கிடைத்து அது கருக்கிறது. வெளிச்சம் எவ்வளவோ கருமையும் அவ்வளவு. மின்சாரம் நின்றுபோனால் மிரர் தெளிவான நிலைக்குத் திரும்பிவிடும் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். பழுதானாலும் சாதாரணக் கண்ணாடியாக மிஞ்சும். இதைச் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்காவின் ஜென்டெக்ஸ் நிறுவனம் 1974இல் புகை உணரும் கருவி செய்யத் தொடங்கிய கம்பெனி. ஜெல் மிரர் வந்தது 1987இல்.

இனி அந்த நீளப் பெட்டிக்கு வருகிறேன். பழைய மிரர் மேலேயே ரப்பர் பட்டையால் கட்டிவிடும் பெரிய திரை அது. பின்னால் ஒரு கேமரா, திரை முழுக்க அதன் படம். நண்பரின் காரில் அதை வைத்து இரவிலும் பகலிலும் ஓட்டிப் பார்த்தேன். படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் எனக்கு அது பளிச்சென்று தெரியவில்லை.

காரணம் திரையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. சாதாரண மிரரைப் பார்க்கும்போது, பின்னால் 50 மீட்டரில் வரும் லாரியைக் கண் 50 மீட்டருக்கு அப்பாலுள்ள பொருளாகவே குவிக்கிறது. சாலையைப் பார்த்த கண் மிரருக்குப் போய்த் திரும்பும்போது குவியத்தை மாற்ற வேண்டியதில்லை. திரை அப்படியல்ல. அது முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கும் படம். ஒவ்வொரு முறையும் கண் தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வந்து, மறுபடி தூரத்துக்குப் போக வேண்டும். இருபது வயதுக்காரருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவருக்கு நிச்சயம் பொருட்டு. தூரப் பார்வைக்கு மட்டும் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் திரை மசங்கலாகத் தெரியும். பைஃபோகல் போட்டிருந்தால் இன்னும் வேடிக்கை: கிட்டத்துப் பார்வைக்கான பகுதி கீழே இருக்கிறது, மிரரோ மேலே இருக்கிறது. பல்லி பார்ப்பதுபோல் மோவாயைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வயதான அப்பாவின் காருக்குப் பாசத்தோடு இந்தத் திரையை வாங்கித் தரும் பிள்ளைகள் இதை யோசிப்பதில்லை.

இன்னும் இரண்டு குறைகளும் உண்டு. அகலக் கோண லென்ஸ் பின்னால் வரும் வண்டியைச் சிறிதாக்கிக் காட்டுவதால் தூரம் தப்பாகப் படும். லேன் மாறும்போது இது ஆபத்து. திரையை அணைத்துவிட்டு வெறும் மிரராகப் பயன்படுத்தலாமே என்றால், அது பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடி, ஆகவே பிம்பம் பழைய மிரரைவிட மங்கல். டிக்கி நிறையச் சாமான் ஏற்றிப் பின் கண்ணாடியே மறைந்துபோகும் வண்டிக்கு இந்தத் திரை நல்ல தீர்வு என்பதையும் சொல்ல வேண்டும். என் வண்டி அப்படியல்ல.

ஆகவே நான் எடுத்தது தானாக மங்கும் மிரர், அதன் ஓரத்தில் ரிவர்ஸ் போட்டால் மட்டும் உயிர்பெறும் 4.3 அங்குலத் திரையோடு. மற்ற நேரங்களில் அது முழுக் கண்ணாடி. ரிவர்ஸில் வண்டி ஊர்ந்துதான் போகும். நிதானமாக மோவாயைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பழைய கார்களுக்கு இந்தச் சிறு திரை பெரிய உதவி. ரிவர்ஸ் சென்சாரே நம் நாட்டில் 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களுக்குத்தான் கட்டாயம் ஆனது.

புதிதாக வாங்கலாம், அல்லது உடைத்துப் பிரித்த பெரிய கார்களின் மிரரைச் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். பழையது வாங்குவதானால் கடையிலேயே பேட்டரியில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். முன் சென்சாரைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, மொபைல் டார்ச்சைப் பின் சென்சார் மேல் அடித்தால் சில வினாடிகளில் கண்ணாடி கருக்க வேண்டும், டார்ச்சை எடுத்தால் தெளிய வேண்டும். ஓரத்தில் கறையோ குமிழியோ தெரிந்தால் ஜெல் கசியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஜெல் கையில் பட்டால் எரியும், டேஷ்போர்டில் சொட்டினால் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ஒயர் சாக்கெட்டையும் மிரரோடு சேர்த்து வெட்டித் தரச் சொல்லுங்கள். தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

மாட்டுவதில் பழைய கார்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஜென்னில் மிரர் கூரையில் ஸ்க்ரூ போட்டு நிற்கிறது. புதிய மிரர்களோ முன் கண்ணாடியில் ஒட்டிய உலோகப் பொத்தானில் மாட்டுபவை. பொத்தானை ஒட்ட வீட்டில் கிடக்கும் உடனடிப் பசை உதவாது, சித்திரை வெயிலில் விட்டுவிடும். உலோகத்தையும் கண்ணாடியையும் ஒட்டுவதற்கென்றே இரண்டு பகுதியாக வரும் பசை கிடைக்கிறது. ஒட்டும் இடத்தை வெளிப்பக்கத்தில் மார்க்கரால் குறித்துக்கொண்டு, உள்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, நிழலில் நிறுத்தி ஒட்ட வேண்டும். பிறகு ஒரு நாள் முழுக்க மிரரை மாட்டக் கூடாது. குறிக்கும் முன் இரண்டு சன் வைஸர்களையும் இறக்கிப் பாருங்கள். மிரர் அவற்றில் இடிக்கக் கூடாது.

பழைய மிரர் தண்டிலேயே கனமான பொருளைக் கட்டித் தொங்கவிட்டால் பந்து மூட்டு தளர்ந்து பிம்பம் ஆடும். ஆடும் மிரரால் பயனில்லை என்பது மிரர் வந்த நாளிலிருந்தே தெரிந்த விஷயம். 1911இல் முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ரே ஹாரூன் தன் மார்மன் வாஸ்ப் காரில் பின்னால் பார்க்கக் கண்ணாடி பொருத்தி ஓட்டி வென்றார். செங்கல் பாவிய தளத்தின் அதிர்வில் அதில் ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னதாகச் சொல்வார்கள்.

ஒயரிங் வேலைக்கு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். "ரூம் லைட்ல இருந்தே லைன் எடுத்துரலாம் சார், பக்கத்துலயே இருக்கு" என்றார். பக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த ஒயரில் சாவியை எடுத்தாலும் கரண்ட் இருக்கும். "தம்பி, சாவி போட்டா மட்டும் வர்ற லைன்ல குடுங்க" என்றேன். ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் சிகரெட் லைட்டருக்கான ஃபியூஸ் அப்படிப்பட்டது. ஒயரை வெட்டாமல் ஃபியூஸ் இடத்திலேயே செருகி லைன் எடுக்கும் கவ்வி கடையில் கிடைக்கிறது; அதற்குத் தனியாகச் சின்ன ஃபியூஸும் உண்டு. ஒயரை முன் தூணின் பிளாஸ்டிக் மூடிக்குள் விட்டுக் கூரை லைனிங் ஓரமாகக் கொண்டுபோக வேண்டும். இருபது வருட வெயிலில் காய்ந்த கிளிப்புகள் கையை வைத்ததும் முறியும். முன்கூட்டியே கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எலெக்ட்ரானிக்ஸ் எதையும் வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 13-ஐத் தொட்டுக்கொண்டு நின்றால் மிரரை மறந்துவிட்டு ஆல்டர்னேட்டரைக் கவனியுங்கள். அடுத்தது எர்த். பழைய வண்டியில் எலெக்ட்ரானிக்ஸ் தகராறு என்று வருவதில் பெரும்பாலானவை துருப்பிடித்த எர்த்தின் வேலை.

மிரருக்கு பாசிட்டிவ், எர்த் தவிர மூன்றாவதாக ஒரு ரிவர்ஸ் ஒயர் இருக்கும். அது தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள், விடாதீர்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது மங்கலை நீக்கித் தெளிவாக்குவது அதுதான். அந்த சிக்னலையும் கேமராவுக்கான கரண்டையும் பின்னால் ரிவர்ஸ் பல்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பல்ப் ஹோல்டரை முதலில் உப்புத்தாளால் சுத்தம் செய்யுங்கள். கேமராவும் திரையும் ஒரே வகை சிக்னலில் பேச வேண்டும், ஒன்று ஏ.எச்.டி., மற்றது பழைய அனலாக் என்றால் திரை கறுப்பாகவே இருக்கும். ரிவர்ஸ் கேமராவின் படம் மிரர் போல் இடவலம் மாறித் தெரிய வேண்டும். பல கேமராக்களில் இதைத் தீர்மானிப்பது ஒரு சின்ன ஒயர் வளையம். அதை வெட்டினால் மாறும், ஆனால் எது எந்த வளையம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. தாளைப் படிக்காமல் வெட்ட வேண்டாம். டிக்கிக் கதவுக்கு ஒயர் போகும் ரப்பர் குழாய்க்குள் விட்டுத்தான் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் கதவு அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒயர் நசுங்கும். இணைப்புகளைப் பற்றவைத்து ஸ்லீவ் போடுங்கள், கட்டுவதற்குத் துணி டேப் போதும். கறுப்பு பி.வி.சி. டேப்பின் பசை வெயிலில் உருகி ஒழுகும்.

வீடியோ பதிவு வேண்டுமென்றால் தனி டாஷ்கேம் வாங்கி மிரருக்குப் பின்னால் மறைவாக ஒட்டிவிடுங்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இல்லாமல் கெபாசிட்டர் உள்ளதாகப் பாருங்கள். வெயிலில் கதவடைத்து நிற்கும் காருக்குள் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் பேட்டரி உப்பும். மெமரி கார்டும் தொடர்ந்து அழித்து எழுதத் தாங்கும் ரகமாக இருக்கட்டும். வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் வசதி பழைய சின்னக் காருக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். 0.3 ஆம்பியர் இழுத்தால்கூட 24 மணி நேரத்தில் 7 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். என் ஜென்னில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. இரண்டு நாள் வீட்டு வாசலில் நின்றால் மூன்றாம் நாள் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மங்கும் மிரர் மாட்டிய பிறகு பஸ் வெளிச்சத்தின் தொல்லை உள்ளே முக்கால்வாசி குறைந்துவிட்டது. வெளிப்பக்க மிரர்களில் அடிப்பது அப்படியேதான் இருக்கிறது; அவற்றை ஒரு நூல் வெளியே தள்ளி வைத்துக்கொண்டேன். வாங்கப் போகிறவர்கள் தினமும் வண்டி ஓட்டும்போது போடும் மூக்குக்கண்ணாடியோடு கடைக்குப் போங்கள். மிரரை உங்கள் சீட்டில் உட்கார்ந்து உங்கள் கண் உயரத்தில் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்; முடிந்தால் இருட்டிய பிறகு போங்கள். கழற்றிய பழைய மிரரையும் அதன் ஸ்க்ரூக்களையும் ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். புதியது என்றைக்காவது படுத்துவிட்டால், ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும். பழையதைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்துவிடலாம்.