மதியம் மிஞ்சும் கரண்ட், தை மாத ராத்திரிக்கு

புதுச்சேரியில ஹீட்டருக்கு என்ன வேலைன்னு கேட்காதீங்க. நமக்கு வேண்டாம், பொரிச்சு நாலு நாளான கோழிக்குஞ்சுக்கு வேணும். முதல் வாரம் அதுக்கு 33 முதல் 35 டிகிரி சூடு தேவை. பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைக்கலாம். ஜனவரி விடியற்காலையில் பாகூர், வில்லியனூர் வயல்வெளிக் கொட்டகைகளில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். குளிர் தாங்காமல் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் மாட்டினது மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

அதே ஜனவரி மதியம் என்ன நடக்குது? கிரிட்ல சேராத சோலார் வச்ச வீட்டில் 12 மணிக்கே பேட்டரி நிரம்பிடும். ஃபேன் ஓடாத மாசம், செலவு குறைவு. சார்ஜ் கன்ட்ரோலர் பேனலை அடக்கி வைக்கும். வெயில் காயுது, கரண்ட் வருவதில்லை. அந்த வராத கரண்ட்தான் நம்ம சரக்கு.

கணக்குப் போடுவோம். 1 கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட் தரும்னு வைங்க. வீட்டுக்கும் இழப்புக்கும் 2 போக, மிச்சம் 2 யூனிட், அதாவது 7,200 கிலோஜூல். 60 லிட்டர் தண்ணீரை 27-லிருந்து ஏறக்குறைய 55 டிகிரிக்கு அது ஏற்றும். ராத்திரி 12 மணி நேரத்தில் அந்தத் தண்ணீர் 38-க்கு இறங்கினால் 1.2 யூனிட் திரும்பக் கிடைக்கும்: தொடர்ந்து 100 வாட். குஞ்சுக்கு 2 வாட் என்ற வழக்கமான கணக்கில் 50 குஞ்சு. இதையே லெட்-ஆசிட் பேட்டரியில் சேமிக்க, பாதிதான் எடுக்கலாம் என்பதால், 24 வோல்ட்டில் இன்னொரு 100 ஆம்பியர்-அவர் செட் வாங்கணும். இங்கே ஒரு டிரம் போதும். ஆனா அதைச் சுற்றி உமி மூட்டை கனமா அடுக்கணும். இல்லேன்னா சூடு குஞ்சுக்குப் போகாது, கொட்டகைக்குப் போகும். சூட்டைக் கடத்த பழைய கார் ரேடியேட்டர், சின்ன பம்ப், கம்ப்யூட்டர் ஃபேன்.

ஒண்ணு சொல்லிடறேன்: சூடு மட்டும்தான் வேணும்னா அதுக்காகப் பேனல் வாங்காதீங்க. பக்கத்துல ஆரோவில் சோலார் கிச்சன் மாடியில் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கு. கரண்டா மாற்றாமலே வெயிலில் நீராவி எடுத்துச் சமைக்க அமைச்சது அது. நேரடி வெப்பத்துக்குத் திறன் அதிகம். நம்ம வழி, ஏற்கெனவே பேனல் இருந்து வீணாகிற இடத்துக்கு மட்டும்.

கன்ட்ரோல் எளிசு, சறுக்கலும் அங்கேதான். பேட்டரி 28.2 வோல்ட்டுக்கு மேல் 5 நிமிஷம் நின்றால் ஹீட்டர் ஆன், 26.4-க்குக் கீழே போனால் ஆஃப். இந்த இடைவெளி இல்லாம ஒரே வோல்ட்டேஜில் வச்சா, ஹீட்டர் போட்டதும் வோல்ட்டேஜ் சரியும், அணைத்ததும் ஏறும். நாள் முழுக்க டக் டக். 300 வாட் ஹீட்டர் 28 வோல்ட்டில் 11 ஆம்பியர் இழுக்கும். ஏசி ரிலேயை டிசியில் போடாதீங்க: தீப்பொறி அணையாது, கான்டாக்ட் ஒட்டிக்கும். மாஸ்ஃபெட், ஃபியூஸ் போடுங்க. புரோகிராமை நம்பாமல், 70 டிகிரியில் தானே துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட் தனியா இருக்கட்டும். டிரம்மை இறுக்கி மூடாதீங்க.

புரோகிராமில் மாசமும் தெரியணும். நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டுது. அப்போ குளிரும் இருக்கும், மிச்சக் கரண்ட் இருக்காது. அந்த மாசங்களில் 1.2 யூனிட்டை எதிர்பார்த்துக் குஞ்சு இறக்காதீங்க. மாற்றுச் சூடு தயாரா இருக்கணும். இந்த செட்டுக்கு நல்ல காலம் ஜனவரி, பிப்ரவரி. ஏப்ரல் வந்தா ஹீட்டர் லைனை அணைச்சுட்டு, அதே மிச்சத்தைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற டிசி பம்புக்குத் திருப்புங்க. கோடுல ஒரு வரி மாற்றம்தான், ஆனா பம்ப் கிளம்பும்போது இழுக்கிற ஆம்பியரைத் தாங்குமான்னு மாஸ்ஃபெட்டை முதல்ல பாருங்க.