உறையும் நீர் ஏன் விரிகிறது: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் கடற்கரையில் நீர் தானாக உறைவதில்லை. எனினும், அங்குள்ள உப்பளப் பாத்திகளும், கடலோர மக்கள் மீன் கெடாமல் காக்கப் பயன்படுத்தும் ஐஸ் பாரும் உறைதலைப் பற்றிய சில நம்பிக்கைகளைச் சரிபார்க்கப் போதுமானவை.

நம்பிக்கை: உள்ளே காற்று அடைபடுவதால்தான் ஐஸின் பருமன் கூடுகிறது.

உண்மை: ஐஸ் பாரின் நடுவே தெரியும் வெண்மை, உறையும் நீர் தன்னில் கரைந்திருந்த காற்றையும் தாதுக்களையும் உள்நோக்கித் தள்ளுவதால் தோன்றுவது, காற்று நீக்கப்பட்ட தெளிந்த ஐஸும் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியவே செய்கிறது. ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜனை அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜன் ஈர்ப்பதே ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும். திரவ நிலையில் இப்பிணைப்புகள் அறுந்தும் கூடியும் வருவதால் மூலக்கூறுகள் நெருங்கி நிற்கின்றன. உறைந்தபின் ஒவ்வொன்றும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு நிலையாகப் பிணைந்து அறுகோண வளையங்களாக அமைவதால், இடைவெளி மிகுந்து பருமன் கூடுகிறது.

நம்பிக்கை: நீர் உறையும்வரை சுருங்கிக்கொண்டே வந்து, உறையும்போதுதான் விரிகிறது.

உண்மை: இது கடல்நீருக்குப் பொருந்தும், குளத்து நீருக்குப் பொருந்தாது. நன்னீர் 4 டிகிரி செல்சியஸில் மிகு அடர்த்தியை எட்டி, அதற்குக் கீழே விரியத் தொடங்குகிறது. கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரோ, மைனஸ் 1.9 டிகிரி அளவில் உறையும்வரை அடர்ந்துகொண்டே செல்கிறது.

நம்பிக்கை: கடல்நீர் உறையும்போது உப்பும் ஐஸின் பகுதியாகிவிடுகிறது.

உண்மை: ஐஸின் அறுகோண அமைப்பில் உப்பின் அயனிகளுக்கு, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களுக்கு, இடமில்லை, அவை வெளியே தள்ளப்படுகின்றன, சிறிதளவு மட்டும் அடர் உப்புநீராக இடுக்குகளில் தங்குகிறது. உப்பளத்தில் நிகழ்வது இதன் மறுதலை: வெயிலில் நீர் ஆவியாகி நீங்க, உப்பே படிகமாகிறது. நீரைப்போல் இருமடங்குக்கும் மேலான அடர்த்தி கொண்ட அப்படிகம் பாத்தியின் அடியில் படிகிறது, ஐஸோ மிதக்கிறது.

நம்பிக்கை: ஐஸில் உப்பிட்டால் சூடு பிறந்து ஐஸ் உருகுகிறது.

உண்மை: உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துவதால் ஐஸ் உருகுகிறது, உருகுவதற்கான வெப்பத்தைக் கலவையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் கலவை மேலும் குளிர்ந்து, ஏறத்தாழ மைனஸ் 21 டிகிரிவரை இறங்கக்கூடும். உறைநிலை தாழும் இப்பண்பினால்தான், ஐஸ் தொழிற்சாலைகளில் சுழியத்துக்குக் கீழே குளிரூட்டப்பட்ட உப்புநீர் திரவமாகவே நிற்க, அதில் அமிழ்த்தப்பட்ட கேன்களின் நன்னீர் உறைகிறது. அந்நீர் விரியும் என்பதால் கேன்கள் விளிம்புவரை நிரப்பப்படுவதில்லை.