மாதிரிக்கு முதல் அளவு ஆண்டே

பழைய சரக்குப் பெட்டிக்கு மாதிரி செய்வோர் முதலில் ஆண்டைக் குறிக்க வேண்டும். இதனை நான் பிழை செய்தே கற்றேன். 40 அடி நீளமுள்ள அமெரிக்க மூடிய சரக்குப் பெட்டியை 87-இல் ஒரு பங்காகக் குறைத்து, ஏறத்தாழ 14 செ.மீ. நீளத்தில் அட்டையால் செய்தேன். "1950" என்றும் எழுதினேன். அளவு பிசகவில்லை. ஆனால் கூரை வெறுமையாக இருந்தது. அக்காலப் பெட்டிகளின் கூரைமீது நீண்ட நடைபலகை உண்டு. காற்றழுத்த பிரேக் வருமுன், ஓடும் வண்டியில் பணியாளர் அதன்மேல் நடந்து கைப்பிரேக்கைத் திருகினர். தவறி விழுந்து மாண்டோர் பலர். புதிய பிரேக் பரவிய பின்னும் பலகை நீடித்தது. 1966-இல்தான் புதிய பெட்டிகளிலிருந்து அது விலக்கப்பட்டது. அப்பலகையை விட்டபோது, அதில் நடந்த தொழிலாளியையும் மறந்தேன். இன்று பலகையை ஒட்டிவிட்டேன்.